வன்னியின் ஒலிக்காலம் (14): டைனமோவிலிருந்து ‘மாயா’ வரை

சென்ற கிழமை உங்களை வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் அந்த முற்றத்தில், பறை அதிரும்போது பிள்ளைகள் தாயின் சேலைத் தலைப்புக்குள் முகம் புதைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணை, நெஞ்சைப் பதறவைக்கிற இசை எங்களிட்டை கோயிலோடையும் செத்தவீட்டோடையும் முடிஞ்சுதா? வெளிநாட்டில கோத், இன்டஸ்ட்ரியல் எண்டு வருசா வருசம் அல்பம் வெளியிடுகினம். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையா?”

இருக்கிறது, தம்பி. 2010 ஜூலையில் வெளிவந்தது. அதன் பெயர் ‘மாயா’. அதைப் பாடியவர் வன்னியில் வளர்ந்தவர் அல்லர், பதிவானதும் இங்கே அல்ல. ஆனாலும் வன்னியின் ஒலி வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் துணிபு. அதைச் சொல்வதற்கு முதலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைக்கவேண்டும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, யூரியா என்று நீண்ட அந்தப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரம் ஏற்கெனவே போய்விட்டது. றேடியோ இருந்த வீட்டில் அதைப் பேசவைக்க வழியில்லை. அப்போதுதான் சைக்கிள் டைனமோ எங்கள் வீடுகளுக்கு மின்சார சபை ஆனது.

முள்ளியவளையில் மாமா வீட்டு மாமரத்தின் கீழ் நடந்தது எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் அடியில் சாக்கு விரிப்பார்கள். பின்சில்லின் ரயரோடு டைனமோவின் தலையைச் சாய்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, கசற் றேடியோவின் பற்றரிப் பெட்டிக்குள் சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி அடைத்து இறுக்குவார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் பாடகரின் குரல் குழைந்து, கிழவன் பேசுவதுபோல இழுபடும். வேகம் கூடினால் அதே குரல் சின்னப்பிள்ளைக் குரலாக மெலிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சீர் உண்டு. அந்தச் சீரைக் கையில் பிடித்தவன்தான் எங்கள் ஒழுங்கையில் பெரிய ஆள். சுற்றிச் சுற்றித் தோள்மூட்டு நோகும். “கை மாத்தடா” என்று மாமா சொல்லும் இடைவெளியில் பாட்டு அப்படியே செத்துப்போய்த் திரும்ப உயிர்க்கும்.

அந்தப் பாட்டுகளின் கீழ், இடைவிடாமல், ரயரில் இரும்பு உராயும் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்கும். இளையராஜா பாட்டோ, இயக்கப் பாட்டோ, மருதமடு மாதா பாட்டோ, எல்லாவற்றுக்கும் சுருதி அந்த முனகல்தான். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவில் ஒரு கடைவாசலில்தான் அந்த முனகல் இல்லாமல் ஒரு பாட்டை முதன்முதலாக முழுதாகக் கேட்டேன். ஏதோ குறைந்ததுபோல இருந்தது.

நாங்கள் சைக்கிள் சுற்றத் தொடங்குமுன்னரே மேற்கில் சிலர் இரும்பின் ஒலியை வேண்டுமென்றே இசைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனில் துரொப்பிங் கிறிஸில் என்ற குழு 1976இல் ‘இன்டஸ்ட்ரியல் றெக்கோர்ட்ஸ்’ என்று தங்கள் வெளியீட்டு நிறுவனத்துக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரே ஓர் இசைவகையின் பெயராகிவிட்டது. 1980இல் மேற்குப் பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்ஸெண்ட நொய்பௌட்டன் குழு தகரம், துளைகருவி, கட்டட இடிபாட்டு இரும்பு ஆகியவற்றை அடித்தும் உரசியும் பாட்டுக் கட்டியது. ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்பதுதான் அந்தக் குழுவின் பெயருக்குப் பொருள். கறுப்பு உடையும் மயானச் சாயலுமாகக் கோத் இசை கிளம்பியதும் அதே காலத்தில்தான். பௌஹவுஸ் குழுவின் முதற் பாட்டு 1979இல் வந்தது. இவர்களில் பலர் தங்கள் ஆக்கங்களைக் கசற்றுகளில் தாங்களே பதிந்து தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அவர்கள் தேடிப்போய் எடுத்த ஒலி எங்களுக்குத் தேடாமலே வந்து சேர்ந்தது என்பதுதான் வேறுபாடு.

இந்தத் தொடரில் 1977ஐப் பலமுறை தொட்டிருக்கிறேன். இன்னொருமுறை தொடவேண்டும். அந்த ஆண்டு நியூயோர்க்கில் சூசைட் என்ற இருவர் குழு தன் முதல் அல்பத்தை வெளியிட்டது. அலன் வேகா பாட, மார்ட்டின் ரெவ் மலிவான கீபோர்டிலும் ட்ரம் மெஷினிலும் ஒரே சொற்ப சுரங்களைத் திரும்பத் திரும்ப அடித்தார். அதில் முதலாவது பாட்டு ‘கோஸ்ட் ரைடர்’. அதே 1977 ஓகஸ்டில் இங்கே இனக்கலவரம். கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலின் பெயர் ‘லங்கா ராணி’. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவுக்கு வந்து இறங்கினார்கள். காந்தீயம் அமைப்பை நடத்திய டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் அவர்களைக் காட்டோரங்களில் குடியமர்த்தினார்கள்.

அந்தக் கப்பற் பயணத்தை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவர் அருளர். அருட்பிரகாசம் என்பது இயற்பெயர். 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், லெபனானில் பாலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றவர். நாடு திரும்பி, வவுனியா மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கண்ணாட்டியில் ஒரு பண்ணையில் இருந்து இயங்கினார். வன்னிக் காட்டில் பண்ணை என்றால் அந்தக் காலத்தில் மண்வெட்டியும் கனவும் துவக்கும் சேர்ந்தே இருந்த இடம். அவரது மனைவி கலா மூன்று பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமாக அல்லாடினார். 1986இல் அவர்கள் லண்டனில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். நடுப்பிள்ளையின் பெயர் மாதங்கி, வீட்டில் மாயா. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

அவர் இசை படித்தவர் அல்லர். சென்ட்ரல் சென்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். எலாஸ்ற்றிக்கா குழுவோடு படம்பிடிக்கப் போன இடத்தில் பீச்சஸ் என்ற கனேடியப் பாடகி ரோலண்ட் 505 என்ற ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு தனி ஆளாக மேடையை நிரப்புவதைக் கண்டார். அதே மெஷினைத் தானும் எடுத்துக்கொண்டு படுக்கையறையில் இருந்து பாட்டுக் கட்டினார். 2005இல் முதல் அல்பம். அதற்குத் தகப்பனின் இயக்கப் பெயரையே வைத்தார்: ‘அருளர்’. எங்கோ இருக்கும் தகப்பன் தன் பெயரைக் கண்டாவது தேடி வரட்டும் என்ற பிள்ளையின் கணக்கு அது. தகப்பனிடமிருந்து, பெயரை மாற்று என்று மின்னஞ்சல் வந்தது. மகள் மாற்றவில்லை.

இரண்டாவது அல்பம் 2007இல், தாயின் பெயரில்: ‘கலா’. அமெரிக்க விசா கிடைக்காததால் நாடு நாடாக அலைந்து பதிந்தது. தமிழ்நாட்டில் உறுமி மேளக்காரரைக் கூட்டிவைத்து அடித்த அடி ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் கேட்கும். ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்து இளையராஜா கேட்பார். இவற்றைப் பற்றி வேறிடத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமானது அடுத்தது.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. 25ஆம் திகதி முல்லைத்தீவு நகரம். பெப்ரவரி முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. 4ஆம் திகதி நோயாளிகளை அங்கிருந்து அகற்றினார்கள். நான்கு நாள் கழித்து, 8ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில் கிறமி விருது மேடையில் நிறைமாத வயிற்றோடு இந்தப் பெண் நின்று பாடினார். அன்றுதான் பிரசவத்துக்கு வைத்தியர் குறித்த நாள். மூன்றாம் நாள் மகன் பிறந்தான். அந்த மாதமே ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையிலும் அவர் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து வன்னியில் நடப்பதைச் சொல்லியிருந்தார். புலிகளுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று இலங்கை அரசு பக்கத்திலிருந்து குற்றச்சாட்டு வந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. எஞ்சியவர்களை முட்கம்பிக்குள் அடைத்த மெனிக் பாம் முகாம், தகப்பன் பண்ணை வைத்திருந்த அதே வவுனியாவின் மேற்குப் பக்கத்தில்தான் எழுந்தது.

பதினான்கு மாதம் கழித்து ‘மாயா’ வந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் முடிந்து இப்போது தன் பெயர். அதையும் எழுத்தாக எழுதாமல் சாய்கோடுகளாக அட்டையில் அடுக்கியிருந்தார். யூடியூப் ஓடுபட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி முகத்தையே மூடிய அட்டைப்படம். முதல் பாட்டு ஒரு நிமிடம்கூட இல்லை. கைத்தொலைபேசி இணையத்தோடும், இணையம் கூகிளோடும், கூகிள் அரசாங்கத்தோடும் தொடுக்கப்பட்டிருக்கிறது என்று எலும்புகளை ஒன்றோடொன்று தொடுத்துப் பாடும் பாட்டுப்போல அடுக்கிச் சொல்கிறது. அப்போது பலரும் அதைப் பிதற்றல் என்றார்கள். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வாய் திறந்தபின் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். காட்டிக்கொடுக்கும் காதுகள் எங்கும் உண்டு என்று இரு பக்கத்துக்கும் பயந்து குசுகுசுத்து வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

அடுத்த பாட்டு ‘ஸ்டெப்பின் அப்’. துளைகருவியும் மரம் அரியும் மெஷினும் தாளமாகின்றன. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ பாட்டில் கிற்றார் ஒலி உடைந்து நொருங்கிச் செவிப்பறையில் கொட்டுகிறது. ‘போர்ன் ஃப்றீ’ பாட்டின் அடித்தளம் நான் மேலே சொன்ன 1977ஆம் ஆண்டுப் பாட்டு, சூசைட் குழுவின் ‘கோஸ்ட் ரைடர்’. அல்பம் வெளிவந்த கிழமை டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் மாயா இதைப் பாடியபோது மார்ட்டின் ரெவ் நேரில் வந்து கீபோர்ட் வாசித்தார். லங்கா ராணி கப்பல் ஓடிய ஆண்டில் நியூயோர்க்கில் பிறந்த ஓர் ஓசைமேல், லங்கா ராணி நாவலை எழுதியவரின் மகள் ஏறி நின்று கத்தினார். இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தக் காட்சியை உடல் சிலிர்க்காமல் பார்க்க முடிவதில்லை.

அந்தப் பாட்டின் ஒன்பது நிமிடப் படத்தை ரோமான் கவ்ராஸ் இயக்கினார். செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் ஆயுதப்படை வீடு வீடாகத் தேடிப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, வெட்டவெளியில் இறக்கி, ஓடச்சொல்லிச் சுடுகிறது. 2010 ஏப்ரலில் வந்த உடனேயே யூடியூப் அதைத் தடுத்தது. மயிரின் நிறத்தை வைத்து ஆளைக் கொல்வது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று வெள்ளைக்காரருக்குத் தெரியவேண்டுமென்றால் அவர்களின் மயிரைத்தான் காட்டவேண்டும், அதைச் செய்தார்.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம், பிரித்தானியாவில் இருபத்தொன்று. விமர்சகர்கள் பிளந்து நின்றார்கள். பிட்ச்போர்க் பத்துக்கு 4.4 போட்டது. இரைச்சல், தலையிடி, பாட்டு எங்கே என்பதே பலரின் முறைப்பாடு. ‘மாயா’ குறையில்லாத அல்பம் என்று நானும் சொல்லமாட்டேன். ‘டெக்கில்லா’ ஆறு நிமிடத்துக்கு மேல் இழுபட்டுச் சலிக்கவைக்கிறது. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் முன்னும் பின்னும் உள்ள வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆனால் இரைச்சல் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்பதை விசுவமடுவில் என் சின்னம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

மீள்குடியேறி ஒரு வருடம் இருக்கும். தகரக் கொட்டில். சின்னம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நான் கைத்தொலைபேசியில் ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டை, எந்த யோசனையும் இல்லாமல், சத்தமாகப் போட்டுவிட்டேன். அரை நிமிடம் போயிருக்காது. சின்னம்மாவின் கை நின்றது. கீரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

“உதை நிப்பாட்டு மோனை.”

நிற்பாட்டினேன்.

“வண்டு சுத்துற மாதிரிக் கிடக்கு.”

வன்னிக்கு வெளியே உள்ள வாசகருக்காகச் சொல்கிறேன். வண்டு என்பது ஆளில்லா வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர். இரவும் பகலும் தலைக்கு மேலே ஒரே சுருதியில் இரைந்துகொண்டு நிற்கும். அது இரைந்தால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானமோ ஷெல்லோ வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். வண்டின் சத்தம் நின்றாலும் பயம், நிற்காவிட்டாலும் பயம்.

சற்று நேரம் கழித்துச் சின்னம்மாவே கேட்டா: “ஆர் பாடினது?”

“லண்டனில இருக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை சின்னம்மா. கண்ணாட்டியில பண்ணை வைச்சிருந்த அருளரின்ரை மகள்.”

“அந்தப் பிள்ளை இஞ்சை நிண்டதோ?”

“இல்லை.”

“பிறகெப்பிடி அந்தச் சத்தம் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கீரையை மறுபடி எடுத்தா.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழு மறுமொழி இல்லை. தெரிந்தது இவ்வளவுதான். எழுபதுகளில் தொடங்கி 2009 வரை இங்கே வெளிவந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். புதுவை இரத்தினதுரையின் வரிகளில் எவ்வளவு தமிழ், எஸ்.ஜி. சாந்தன் குரலில் எவ்வளவு கம்பீரம். ஒலிநாடாவாகவும் பிறகு இறுவட்டாகவும் அவை வெளியிடப்பட்டபோது, விளக்கேற்றி, முதற் பிரதியை மாவீரர் பெற்றோர் வாங்க, மண்டபம் நிறைந்திருந்தது. சாந்தன் 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் கண்மூடினார். புதுவை 2009 மே மாதம் சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்டார். அவர்களின் கலையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளில் வீரம் இருந்தது, இழப்பு இருந்தது, தாகம் இருந்தது, பயம் இல்லை. பயத்துக்கு அங்கே அனுமதி இல்லை. பங்கருக்குள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்த தாயின் உடல் நடுக்கத்தையோ, கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பிள்ளையை இழுத்துப்போனபோது படலையில் எழுந்த அலறலையோ எந்தக் கலையகமும் பதியவில்லை. பதிந்திருந்தால் வெளியிட விட்டிருக்கமாட்டார்கள். இந்தப் பக்கம் அது முடியாதென்றால் அந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பயத்தின் ஓசைக்குத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் அல்பத்தில்தான் முதன்முதலாக இடம் கிடைத்தது. சொல்லால் இல்லை, ‘மாயா’வில் முள்ளிவாய்க்கால் என்ற சொல்லே வராது. துளைகருவியும் உடைந்த கிற்றாரும் அரைபடும் ட்ரம்மும் அதைச் செய்தன. தூரத்தில், கையில் குழந்தையோடு, திரையில் செய்தி பார்த்தபடி, ஒன்றும் செய்ய இயலாமல் இருந்தவரின் பயம் அது. அது வேறு பயம், ஒத்துக்கொள்கிறேன். புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்த மாதங்களில் அதே பயம் இருந்தது. இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டதால்தான் சின்னம்மாவின் கை கீரையில் நின்றது. தம்பி கேட்ட கேள்விக்கு இதுவே என் மறுமொழி: இன்டஸ்ட்ரியல் இசை எங்களுக்கு அந்நியம் இல்லை, எங்கள் பங்குக்கு நாங்கள் போட்ட முதல் அல்பம் ‘மாயா’.

அருளர் 2019 டிசம்பரில் காலமானார். மகள் ‘மாயா’வுக்குப் பின்னும் அல்பங்கள் வெளியிட்டார். 2013இல் ‘மாதங்கி’, 2016இல் ‘எய்ம்’, 2022இல் ‘மாதா’. அவற்றில் நல்லவை உண்டு. ‘மாயா’வின் கொதி அவற்றில் எதிலும் இல்லை.

இனி உங்களிடம் ஒரு விண்ணப்பம். வன்னியில் பதிவான ஒலிநாடாக்களில் பெரும்பகுதி 2009இல் மண்ணோடு போயிற்று. பங்கருக்குள் கைவிட்டவை, பயத்தில் எரித்தவை, பொலித்தீனில் சுற்றித் தென்னைமரத்தடியில் புதைத்தவை. சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பாட்டாக இருக்கவேண்டும் என்றில்லை; கலியாண வீட்டில் பதிந்த பேச்சு, பிள்ளையின் மழலை, பின்னால் எங்கோ விழும் ஷெல் சத்தம், டைனமோ முனகல், எதுவானாலும் அது வரலாறு. பூஞ்சணம் பிடித்த கசற்றை உடனே றேடியோவில் போட்டு இழுக்கவேண்டாம், நாடா அறுந்துவிடும். வெயிலும் ஈரமும் படாமல் நிமிர்த்தி வையுங்கள். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் காதுகளையும் ஒடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தவறுதலாகக்கூட அதன்மேல் வேறு எதுவும் பதியாது. 2005இலிருந்து எங்கள் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, மூலத்தை நீங்களே வைத்திருங்கள். காதுகளை மட்டும் இன்றைக்கே ஒடித்துவிடுங்கள்.

(தொடரும்)